புகையை எரிக்கும் அடுப்பு

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டைச் சூடாக்கும் விறகுக் கொதிகலனைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சித்திரை வெயில் போதாதா, இன்னும் வேறு சூடாக்க வேண்டுமா என்று என் வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. விஷயம் வீட்டைச் சூடாக்குவது இல்லை, நெல் அவிப்பது.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் என்று நாலு ரகம் போடுகிறோம். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு மூட்டை தேறும். பக்கத்தில் மண்ணச்சநல்லூர் இருக்கிறது, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆனால் டன் கணக்கில் அவிக்கும் தொட்டியில் நம்ம நாலு மூட்டையைத் தனியாகப் போட்டு எடு என்று எந்த ஆலையிடம் கேட்க முடியும்? அவர்கள் தொழில் அப்படி. ஆகையால் பாரம்பரிய நெல் போடுகிற பலரும் களத்து ஓரத்தில் கோட்டை அடுப்பு மூட்டி, அண்டாவில் வீட்டிலேயே அவிக்கிறோம். விறகு தாராளமாகப் போகிறது. புகை அதைவிடத் தாராளம். அவிக்க வருகிற அம்மா ஒருநாள், "சார், பேங்க்ல ஏசி ரூம்ல இருந்தீங்க. ஒருநாள் இந்தப் பக்கம் வந்து நில்லுங்க" என்றார். நின்றேன். பத்து நிமிஷம் தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டிசம்பர் மாதம். அந்தக் கட்டடத்தின் நிலவறையில் ஆளுயரத்துக்கு ஒரு விறகுக் கொதிகலன். காலையில் ஒருமுறை விறகை அடுக்கிப் பற்றவைத்தால் மறுநாள் வரை வீடெல்லாம் வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடு. வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்த்தேன். புகையே இல்லை! கானல் மாதிரி காற்று மட்டும் நடுங்குகிறது. அதே மரம், அதே நெருப்பு. அங்கே இல்லாத புகை நம்ம களத்தில் எங்கிருந்து வருகிறது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

விறகு எரிவதில்லை

கட்டை எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் கட்டை நேரடியாக எரிவது கடைசிக் கட்டத்தில், கரியான பிறகுதான். சூடு ஏறும்போது முதலில் ஈரம் ஆவியாகிறது. ஏறத்தாழ 200 டிகிரிக்கு மேல் மரம் உடைந்து வாயுவாகவும் தாராகவும் வெளியேறத் தொடங்குகிறது. காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகத்தான் போகிறது. மிஞ்சுவது கரி. நாம் பார்க்கும் மஞ்சள் சுவாலை, அந்த வாயு காற்றோடு சேர்ந்து எரிவது. எரியாமல் தப்பிய வாயுதான் புகை. கண்ணைக் கரிக்கிற புகையெல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட எரிபொருள். வங்கிக் கணக்கில் சொன்னால் வாராக்கடன்.

அந்த வாயுவைத் தனியாக உண்டாக்கி, பிறகு போதுமான சூட்டிலும் காற்றிலும் முழுக்க எரித்துவிடுவதுதான் கேசிஃபையர் முறை. இதற்குக் காற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். விறகுக்கு நடுவே போகிற முதல் காற்று, வாயுவை உண்டாக்க மட்டும். ஒரு கிலோ காய்ந்த விறகை முழுக்க எரிக்க சுமார் 6 கிலோ காற்று வேண்டும் என்றால், வாயுவாக்க ஒன்றரை கிலோ போதும். மீதியை, வாயு வெளியே வந்து சேருகிற இடத்தில் இரண்டாம் காற்றாகக் கொடுக்க வேண்டும். நம்ம கோட்டை அடுப்பில் இரண்டும் ஒரே வாய் வழியாகத்தான் போகிறது. விறகுக்குத் தேவையில்லாத காற்றும், வாயுவுக்குப் போதாத காற்றும் ஒரே நேரத்தில்.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயம் பெட்ரோல் பஞ்சத்தில் நம் ஊர்களிலும் கரிவாயு பஸ் ஓடியது. பின்பக்கம் ஒரு உருளையைக் கட்டிக்கொண்டு, மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுகிற கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் இதில் நிறைய உழைத்தது. கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம் ஹோசஹள்ளி என்கிற சின்னக் கிராமத்துக்கு 1988-ல் விறகு வாயுவில் மின்சாரம் கொடுத்தார்கள். இங்கே கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2003 வாக்கில் 9 கிலோவாட் கேசிஃபையர் வைத்துக் குடிநீர் மோட்டார் ஓட்டியது. காற்றாலை வாங்கிப் பேர் எடுத்த அதே ஊராட்சிதான். நம்ம திருச்சி பெல் நிறுவனத்தில் 1980-களின் கடைசியில் நிலக்கரியை வாயுவாக்கி 6.2 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் சோதனை ஆலையே போட்டார்கள். திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் வெல்டிங் பட்டறையில் கொதிகலன் என்றால் தெரியாத ஆள் கிடையாது.

இவற்றில் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். இன்ஜினுக்குப் போகிற வாயுவை ஆறவைத்து, தாரைக் கழுவி எடுக்க வேண்டும். அந்தக் கழுவின நீரில் பீனால் சேர்ந்துவிடும். அது மண்ணுக்கும் வாய்க்காலுக்கும் விஷம். சூடு மட்டும் போதும் என்றால் வாயுவை ஆறவிடாமல் அங்கேயே எரித்துவிடலாம், தாரும் சேர்ந்தே எரியும், கழுவுகிற வேலை இல்லை. இயற்கை விவசாயி விறகில் மின்சாரம் எடுக்க ஆசைப்படுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் சூட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஜெர்மன் பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

அந்தக் கொதிகலனில் விறகு மேலே, நெருப்பு கீழே. புகைபோக்கிப் பக்கம் இருக்கும் மின்விசிறி வாயுவைக் கீழ்நோக்கி, தீக்கல்லால் ஆன ஒரு துவாரம் வழியாக இழுக்கிறது. அங்கே இரண்டாம் காற்று கலந்து 1000 டிகிரிக்கு மேல் எரிகிறது. வரும் சூட்டை நீர்க்குழாய்கள் வாங்கிக்கொண்ட பிறகு புகைபோக்கிக்குப் போவது 150, 180 டிகிரியில்தான்.

இதை நடத்துவது ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை. அதற்குக் கண் மாதிரி இருப்பது லாம்டா சென்சார், அதாவது வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்க்கும் கருவி. 1976-ல் வால்வோ காரில் முதலில் வந்தது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கின பைக் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் சைலன்சர் குழாயிலும் இதன் தம்பி ஒன்று உட்கார்ந்திருக்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. புகையில் 7 விழுக்காடு மிச்சம் இருந்தால், 21-ஐ 14-ஆல் வகுக்க ஒன்றரை. தேவையைப் போல ஒன்றரை மடங்கு காற்று போகிறது என்று அர்த்தம். விறகுக் கொதிகலனுக்கு அதுதான் நல்ல அளவு. 14 விழுக்காடு மிச்சம் இருந்தால் மூன்று மடங்கு. கோட்டை அடுப்பு வேலை செய்வது இந்த லட்சணத்தில்தான்.

அதனால் என்ன நஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 விழுக்காடு ஈரமுள்ள விறகு ஒரு கிலோவில் சுமார் 3400 கிலோகலோரி. அதை எரிக்க ஏறத்தாழ 4.8 கிலோ காற்று. மூன்று மடங்கு காற்று போனால், விறகையும் சேர்த்து 15 கிலோவுக்கு மேல் புகைபோக்கியில் போகிறது. அது வெளிக்காற்றைவிட 300 டிகிரி கூடுதல் சூட்டில் போனால் 1150 கிலோகலோரி கையை விட்டுப் போச்சு, மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை மடங்கு காற்றோடு, 150 டிகிரி கூடுதலில் போனால் 300 கிலோகலோரிதான், பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதிகக் காற்று விட்டால் நன்றாக எரியும் என்று ஊதிக்கொண்டே இருக்கிறோமே, அந்தக் காற்றையும் சூடாக்கி வெளியே அனுப்புவது நம்ம விறகுதான்.

பலகை செய்கிற வேலை இவ்வளவுதான்: எவ்வளவு சூடு வேண்டுமோ அதற்கு ஏற்ப விசிறியையும் முதல் காற்றுக் கதவையும் திறக்கும், ஆக்சிஜன் அளவைப் பார்த்து இரண்டாம் காற்றுக் கதவை ஏற்றி இறக்கும். பற்றவைத்த புதிதில் வாயு குறைவு, நடுவில் அதிகம், கடைசியில் கரி மட்டும். மூன்று கட்டத்துக்கும் காற்று ஒன்றாக இருக்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆடிட்டருக்கும், கிளையிலேயே உட்கார்ந்து அன்றன்றைக்குப் பார்க்கும் கன்கரண்ட் ஆடிட்டருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. லாம்டா சென்சார் அன்றன்றைக்குப் பார்ப்பவர்.

அந்த ஆடிட்டருக்கும் ஏமாற்றம் உண்டு. விறகு தொட்டியில் பாலம் மாதிரி சிக்கிக்கொண்டு கீழே இறங்காவிட்டால் வாயு குறையும், ஆக்சிஜன் ஏறும். பலகை, காற்று அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்தும். நெருப்பு இன்னும் மந்தமாகும். அந்த வீட்டுப் பெரியவர் ஒரு கம்பியை வைத்துக் குத்திவிட்டுத்தான் சரிசெய்தார். எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு ஆறுதல்.

இன்னொரு முக்கியமான விஷயம் அங்கே கற்றேன். நீர் சூடேறிவிட்டது என்று காற்றை மூடி நெருப்பை அமுக்கக் கூடாது. அமுக்கினால் புகையும் தாரும்தான் வரும். முழு வேகத்தில் எரியவிட்டு, கூடுதல் சூட்டைப் பெரிய நீர்த்தொட்டியில் சேர்த்துவைக்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு கிலோவாட்டுக்குக் குறைந்தது 55 லிட்டர் தொட்டி என்று விதியே இருக்கிறது. நமக்கு நெல் ஊறவைக்கும் வெந்நீர்த் தொட்டிதான் அந்தச் சேமிப்பு. அவித்து முடித்த பிறகு மிச்ச நெருப்பை மறுநாள் ஊறலுக்கான நீரில் போட்டுவிடலாம்.

முதலில் விறகு

அந்தப் பெட்டியை இறக்குமதி செய்ய எத்தனை லட்சம் ஆகும் என்று விசாரித்துவிட்டு, கடன் விண்ணப்பத்தை நானே நிராகரித்துவிட்டேன். வருஷத்தில் இருபது, முப்பது நாள் நெல் அவிக்கிறவனுக்கு அது தேறாது. எலக்ட்ரானிக்ஸ் இல்லாமலேயே அதில் பெரும்பங்கு வேலையை நடத்தலாம். விறகு காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் முதல் நிபந்தனை. ஈர விறகு போட்டால் எந்தப் பலகையும் காப்பாற்றாது.

பச்சையாக வெட்டின சீமைக் கருவேலத்தில் எடையில் பாதி வரைகூட நீர் இருக்கலாம். பாதி நீர் என்றால் ஒரு கிலோவில் கிடைப்பது 1900 கிலோகலோரி சொச்சம்தான். டன் கணக்கில் வாங்குகிறோம் இல்லையா, ஒரு டன் காசு கொடுத்து அரை டன் தண்ணீர் வாங்குகிறோம். அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது நெருப்பின் சூட்டையும் இழுத்துவிடும். வாயு எரிகிற சூடு வராது, புகைதான் வரும்.

ஈரம் பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. நாலைந்து கட்டையைப் பிளந்து, நடுவிலிருந்து மெல்லிய சிராய் அரை கிலோ எடுத்து எடை போடுங்கள். தகரத்தில் பரப்பி அடுப்புச் சூட்டில், கருகாமல், எடை இறங்குவது நிற்கும் வரை காயவையுங்கள். 500 கிராம் 400 ஆனால் ஈரம் 20 விழுக்காடு. அதற்குக் கீழே இருந்தால்தான் கேசிஃபையருக்கு ஆகும். என் அனுபவத்தில், தையில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் கட்டை கொடுத்து அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு மூடினால் ஆடிக்குள் தயாராகிவிடுகிறது. பிளக்காமல் உருட்டுக் கட்டையாகப் போட்டால் ஒரு வருஷம் ஆனாலும் உள்ளே ஈரம் நிற்கும். பக்கத்தைத் தார்ப்பாயால் சுற்றி மூடுகிறார்கள் சிலர். காற்றுப் போகாமல் பூஞ்சைதான் பிடிக்கும்.

எதை எரிப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. தழை, சருகு, வைக்கோல், வாழை மட்டை எல்லாம் மண்ணுக்கு. கட்டை மட்டும் அடுப்புக்கு. மூடாக்கை எடுத்து எரிக்கிறவர் இயற்கை விவசாயம் என்று பேசக் கூடாது, கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். கருவேலம், வரப்புச் சவுக்கு, கவாத்து செய்த கிளுவை, கொட்டாங்குச்சி, இதுவே போதும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் போடவே கூடாது.

என் அடுப்பு

நான் செய்தது மேலிருந்து பற்றவைக்கும் வகை. ஜெர்மன் பெட்டி போல நெருப்பைக் கீழே இழுக்க வேண்டியதில்லை, விசிறி பழுதானாலும் புகை மேலேதான் போகும். உள்ளே 35 சென்டிமீட்டர் விட்டம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரமுள்ள உருளை. அடியில் கம்பிச் சல்லடை. சுற்றிலும் தீக்கல், அதற்கு வெளியே செங்கல், களிமண். மணிக்கட்டுப் பருமனில் கைநீளத்துக்கு வெட்டின விறகு 12 கிலோ நிற்கிறது. மேலே சிராய் போட்டுப் பற்றவைத்தால் நெருப்பு மெல்லக் கீழே இறங்கும். சல்லடைக்கு அடியில் முதல் காற்று, உருளையின் மேல் விளிம்பைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டு இரண்டாம் காற்று. ஒரு 12 வோல்ட் ப்ளோயர், இரண்டு குழாயாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு வால்வு. மின்சாரம் போனாலும் கவலை இல்லை, பஞ்சகவ்யா அடிக்கிற தெளிப்பான் பேட்டரியே போதும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ரெகுலேட்டர்.

முதல் தடவை செய்தது தோல்வி. பட்டறையில் போட்ட ப்ளோயர் பெரிசு, முதல் காற்று எக்கச்சக்கம். விறகு அரை மணியில் எரிந்து, சுவாலை அண்டாவுக்கு வெளியே சீறியது. பிறகுதான் விகிதம் புரிந்தது: முதல் காற்று ஒரு பங்கு என்றால் இரண்டாம் காற்று மூன்று, நான்கு பங்கு.

ஆக்சிஜன் சென்சாருக்குப் பதில் என்னிடம் இரண்டு கருவி. ஒன்று, புகைபோக்கியில் செருகின தெர்மோகப்பிள். எண் காட்டும் மீட்டரோடு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. இன்னொன்று கண். புகை கறுப்பாக வந்தால் வாயு அதிகம், இரண்டாம் காற்று போதவில்லை. வெள்ளையாக வந்து கண் கரித்தால் விறகு ஈரம், அல்லது வாயு பற்றாமல் போகிறது. புகை இல்லை, ஆனால் சூடு இறங்கிக்கொண்டே வருகிறது என்றால் காற்று தேவைக்கு மேல். 250-க்கு மேல் ஏறினால் முதல் காற்றைக் குறைக்கிறேன். 120-க்குக் கீழே போகவிடுவதில்லை, புகைபோக்கியில் தார் படியும். மஞ்சள் சுவாலை அடங்கி நீலமாகக் குட்டையாக எரிந்தால் விறகு முடிந்து கரி மட்டும் இருக்கிறது, முதல் காற்றை முக்கால்வாசி மூடிவிடலாம்.

75 கிலோ மூட்டை ஒன்றை ஊறவைத்து அவிக்கத் தேவைப்படும் சூட்டைக் கணக்குப் போட்டால், வீணாகிற ஆவியையும் சேர்த்து, சுமார் 10,000 கிலோகலோரி. இழப்பே இல்லாவிட்டால் 3 கிலோ விறகு. என் கோட்டை அடுப்பில் எடை போட்டபோது 22 கிலோ போனது. இப்போது 11, 12 கிலோ. இன்னும் அண்டாவின் பக்கவாட்டில்தான் சூடு ஓடுகிறது, சுற்றிலும் மண்சுவர் எழுப்பி நெருப்பை அணைத்துவிட வேண்டும். விறகைவிடப் பெரிய வரவு, அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடாமல் நின்று வேலை செய்வது. அரிசியில் புகை வாடையும் இல்லை.

தினமும் அவிக்கிற சிறு ஆலை, நாலைந்து ஊர் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் குழு என்றால் லாம்டா சென்சாரும் தானே திறக்கும் கதவும் வைப்பதில் அர்த்தம் உண்டு. ஆள் மாறினாலும் எரிப்பு மாறாது. என் மாதிரி ஆட்களுக்கு மீட்டரும் கண்ணும் போதும்.

உயிர் விஷயம்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதியாக வேண்டும். கார்த்திகையில் ஒருநாள் அடைமழை. அடுப்பைத் தகரக் கொட்டகைக்குள் நகர்த்தி, சாரல் அடிக்கிறது என்று ஷட்டரையும் முக்கால்வாசி இறக்கிவிட்டேன். புகை இல்லையே, பிறகென்ன என்ற நினைப்பு. கரி எரிகிற கட்டத்தில் எனக்குத் தலைவலி. காப்பி குடிக்காததால் என்று நினைத்தேன். அந்த அம்மா, "சார், தலை சுத்துது, கால் தள்ளாடுது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் உறைத்தது. இருவரும் மழையிலேயே வெளியே வந்து உட்கார்ந்தோம். மருத்துவமனைக்குப் போய் ஆக்சிஜன் வைத்துத் திரும்பினோம். பிழைத்தோம்.

விறகு வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது. புகை கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்தும், இது துரத்தாது. புகை குறைந்த அடுப்பு என்பதாலேயே இன்னும் எச்சரிக்கை வேண்டும். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில்தான் வைக்க வேண்டும், புகைபோக்கி கூரைக்கு மேலே போக வேண்டும், தணிந்த கரியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது.

அதேபோல் மூடின ட்ரம்மில் நீராவி எடுக்க நினைக்காதீர்கள். 25 லிட்டருக்கு மேற்பட்ட, அழுத்தத்தில் நீராவி எடுக்கும் கலன் என்றால் கொதிகலன் சட்டம் வந்துவிடும். 1923-ல் போட்ட அந்தச் சட்டத்தை 2025-ல் புதிதாக எழுதியிருக்கிறார்கள். சட்டம் கிடக்கட்டும், மூடின ட்ரம் வெடிகுண்டு. திறந்த அண்டா, தளர்வான மூடி, ஆவி போக அகலமான குழாய், இவ்வளவுதான் நம்ம எல்லை.

கடைசியில் உருளையில் மிஞ்சும் கரியை எரியவிடாமல் வாளித் தண்ணீரில் கொட்டி அணைத்தால், இரண்டு கிலோ வரை கரி கிடைக்கிறது. அதை இடித்து, மாட்டு மூத்திரத்தில் பத்து நாள் ஊறவைத்து, மக்கு உரத்தோடு சேர்த்து வாழைக்குப் போடுகிறேன். முழுக்க எரித்தால் கிடைக்கும் சாம்பலை மட்டும் பார்த்துப் போடுங்கள். அது காரம். மண் ஏற்கெனவே உவர், களர் பக்கம் சாய்ந்திருந்தால் சாம்பல் போட வேண்டாம், மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலை 8-க்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.